பிளிமத், காட்பாடி ஜங்ஷன்

ஆர்.சி. புத்தகத்தில் நான்கு மசி.
முதல் மசி பச்சை: பேரணாம்பட்டுத் தோல்மண்டி
கத்தீப் அஜீஸுல்லா சாயபு.
குர்லாவில் பூட்டி, ரயிலில் வந்து இறங்கியதாம்,
ஐம்பதாம் வருஷம், தார்க் கறுப்பு.
அவர் உட்கார்ந்த இடத்தில் இன்றைக்கும்
மழை பிடித்தால் ஆவாரம்பட்டை வாசனை.
சீட்டு உறை மூன்று தரம் மாறிவிட்டது.
வாசனைக்கு அது தெரியாது.

அடுத்தவர் ஆரணி ரைஸ்மில் குப்புலிங்க ரெட்டியார்.
பெட்ரோல் குடிப்பது பொறுக்காமல்
அமெரிக்க எஞ்சினைக் கழற்றி
பெர்க்கின்ஸ் டீசலை வைத்தார்.
அன்றிலிருந்து இது
உமி மூட்டை ஏற்றிய லாரி மாதிரிதான் பேசும்.
கழற்றியது என்னவாயிற்று என்று கேட்டேன்.
"தண்ணி எறச்சுது, கெணறு வத்திப்போச்சு"
என்றார் மகன், எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.

மூன்றாவது ஒரு குடியாத்தம் லுங்கி வியாபாரி.
பெயர்மேல் டீ கொட்டியிருக்கிறது.

நான்காவது நான். ஏசுபாதம், விருதம்பட்டு.
பதினோராயிரம், தவணை ஏழு.
போயும் போயும் இதையா என்றவர்களுக்கு:
பின் சீட்டில் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.
அம்பாசிடரில் முழங்கால் மடங்கும்.
தையல் போட்ட வயிற்றுக்கு
அந்த நாலு அங்குலம் பெரிசு.

கல்கத்தா வண்டி வந்தால்
ஸ்டேஷனே எக்ஸ்ரே உறையோடு இறங்கும்.
எனக்கு வங்காளத்தில் நாலு வார்த்தை:
எவ்வளவு, மெதுவாக, தண்ணீர், பயப்படாதே.
கடைசியை யாரும் நம்பியதில்லை.

பானட் மூக்கில் ஒரு பாய்க்கப்பல், விரல் நீளம்.
தலைமுடி கொட்டிய பையன் ஒருவன்
அதைத் தொட்டுவிட்டுக் கையை விரித்தான்: எங்கே?
ஆஸ்பத்திரியைக் காட்டினேன்.
இல்லையென்று தலையாட்டினான்,
மறுபடி கப்பலைத் தொட்டான்.

பாலாற்றுப் பாலத்தில் நாளைக்கு ஆறு நடை.
இரண்டு பக்கமும் மணல், லாரித் தடம், சீமைக்கருவேலம்,
நடுவில் பாய் விரித்து இது.
தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று
வேலூரைச் சொல்வார்கள்.
கப்பலை விட்டுவிட்டார்கள்.

வண்டி பிறந்த தேசத்து எலும்பு டாக்டர் ஒருவர்
சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.
அவர் அப்பாவிடமும் ஒன்று இருந்ததாம்,
பனி பெய்தால் கிளம்பாதாம்.
இருபத்தெட்டில் தொடங்கிய பெயர்.
கப்பல், கடல் தாண்டி வந்த முன்னோர்களுடையது.
பெயரோ, கதிர்க்கட்டு கட்டும் கயிறு ஒன்றினுடையதாம்,
உழவனுக்குத் தெரிந்ததாக இருக்கட்டுமென்று.
வேலையில்லாப் பஞ்சத்தில் மலிவாய் விற்றுப் பிழைத்தது.
பிற்பாடு ஒரே வண்டிக்கு இரண்டு பெயர் ஒட்டினார்கள்.
எது அக்கா எது தங்கையென்று
வாங்குகிறவனுக்கே மறந்துபோயிற்று.
"போன மாதம் நிறுத்திவிட்டார்கள்" என்றார்,
வராந்தாவில் உறவுக்காரர்களிடம் சொல்லும் அதே குரலில்.

நான் சொன்னேன்:
காட்பாடி மேம்பால ஏற்றத்தில் இதுவும் தினம் நிற்கிறது சார்.
ஈரத்துணி போட்டு அஞ்சு நிமிஷம் விட்டால் போகும்.

அந்தப் பையனைத் திரும்ப ஏற்றியதும் நான்தான்.
பின் சீட்டில் கால் நீட்டி.
நாலு அங்குலம் மிச்சமிருந்தது.
அவன் அம்மா எவ்வளவு என்று கேட்டாள்.
எனக்குத் தெரிந்த வார்த்தைதான்,
தெரியாதவன் போல் நின்றேன்.

இன்றைக்குச் சென்னையிலிருந்து ஒருவர்.
ஒரிஜினல் என்ன இருக்கிறது என்கிறார்.
ஹாரன் பொத்தான், ஆயில் ஒழுகல், கப்பல்.
கப்பலிலும் பாய்மரம் முறிந்து
கொசப்பேட்டைப் பாத்திரக்கடையில் பற்றவைத்தது.
கப்பல் மட்டும் மூவாயிரம் என்கிறார்,
ஸ்பானரும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

யோசிக்காமல் இல்லை.
டயர் நாலும் வழுக்கை.

கல்கத்தா வண்டி முக்கால் மணி லேட்டாம்,
இப்போது அறிவிக்கிறார்கள், ஜோலார்பேட்டை தாண்டிவிட்டது.
ஸ்பானரை உள்ளே வையுங்கள் சார்.
கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்,
ரிவர்ஸ் கியர் சில நேரம் முன்னால் போகும்.